கொன்றது யார்?

கேள்வி: சில நாவல்களை மட்டும் ஊரே விழுந்து விழுந்து படிக்கிறதே, அதன் ரகசியம் என்ன?

பதில்: ரகசியத்தைச் சொல்லாமல் வைத்திருப்பதுதான் ரகசியம்! ‘பொன்னியின் செல்வ’னையே எடுத்துக்கொள்ளுங்கள். 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் வாராவாரம் வந்த தொடர். ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையேறி வரும் வந்தியத்தேவனுக்குச் சோழ அரண்மனையின் உள்குத்து எதுவும் தெரியாது, நமக்கும் தெரியாது. கடம்பூர் மாளிகையில் நள்ளிரவுச் சதியை அவன் ஒளிந்திருந்து கேட்கும்போது நம் காதும் நீள்கிறது. அரைகுறையாகத் தெரிந்துகொண்டு அவன் ஓட, பின்னாலேயே நாமும் ஓடுகிறோம். ஐந்து பாகம் ஓடி முடித்தாலும், சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று ஆசிரியர் அடித்துச் சொல்வதில்லை. விடை கிடைத்த புதிரைப் பற்றி யார் சண்டை போடுவார்கள்?

‘சோழப் பெருமைதான் காரணம்’ என்பீர்கள். அப்படியானால் புலிக்கொடி பறக்கும் நாவல்கள் எல்லாமே இப்படி ஓடியிருக்க வேண்டும். இங்கேயோ தலைப்பு நாயகன் அருள்மொழிவர்மனே இரண்டாம் பாகத்தில்தான் தலைகாட்டுகிறான்! ‘நாட்டுடைமை ஆனதால் மலிவுப் பதிப்புகள் குவிந்தன’ என்பது பாதி உண்மை. நாட்டுடைமை ஆன நூல்கள் ஏராளம். மலிவு என்பதற்காக யாரும் ஐந்து பாகம் படிப்பதில்லை. படமும் காரணமில்லை: மணிரத்னத்தின் படம் 2022-இல்தான் வந்தது. அதற்கு முன்பே பல தலைமுறைகள் படித்துவிட்டன. ‘பலர் படிப்பதெல்லாம் இலக்கியமா?’ என்றால், அவசியமில்லை. ஆனால் யாரும் படிக்காததாலேயே ஒன்று இலக்கியம் ஆகிவிடுவதும் இல்லையே!