கச்சானுக்கு ஏ.சி. பூட்டப்போற மருமகனுக்கு

மருமகனே, கட்டாரில வருசக்கணக்கா வேகி உழைச்ச காசில வீடு கட்டியிருக்கிறாய். சந்தோசம். சிந்தாயாத்திரைப் பிள்ளையாருக்குத் தேங்காயும் உடைச்சாச்சு. வீரமுனையில இம்மட்டுக் கண்ணாடியோட வேற வீடில்ல. அதிலயும் பெரிய சன்னலெல்லாத்தையும் மேற்கப் பாத்து வச்சிருக்கிறாய். கேட்டா, வயல் வடிவாத் தெரியுமாம். தெரியும், நல்லாத் தெரியும். ஆனி, ஆடியில கச்சான் வாறதும் அந்த வழியாத்தான். நான் சொல்லுறது கொறிக்கிற கச்சான இல்ல, வீசுற கச்சான.

போன கிழமை சம்மாந்துறைத் தேத்தண்ணிக் கடையில நீ ஒரு விஞ்ஞானம் சொன்னாய். இந்தச் சூடு அரபுப் பாலைவனத்தில இருந்து கடல் தாண்டி வருதாம். கட்டாரில அடிச்ச அதே காத்தாம். உனக்கு மணத்திலயே தெரியுமாம். கடையில இருந்த காக்காமாரெல்லாம் தலையாட்டினாங்க. நானும் ஆட்டினன். எல்லாருக்கும் தேத்தண்ணி வாங்கித் தந்தவன்ட விஞ்ஞானத்த மறுக்கிறது மரியாதையில்ல. இப்ப அந்தத் தேத்தண்ணி செமிச்சிட்டு. அதால உண்மையச் சொல்லுறன்.

வெக்கப்படாத. உன்னவிடக் கூடப் படிச்ச ஆக்களும் இப்பிடிப் பேசியிருக்காங்க. சுவிற்சர்லாந்தில அல்ப்ஸ் மலையடியில ‘ஃபோன்’ எண்டு ஒரு சுடுகாத்து வீசும். அது சகாராப் பாலைவனத்தில இருந்து வருதெண்டு அங்க அறிஞர்மாரே சொல்லிக்கொண்டிருந்தாங்க. 1866இல யூலியஸ் ஹான் எண்ட ஒஸ்ரிய வானிலை அறிஞர் அந்தக் கதைய உடைச்சார். பாலைவனம் தேவையில்ல, மலை ஒண்டு போதும் எண்டார். பனிக்கட்டி மூடிக் கிடக்கிற கிறீன்லாந்திலயும் அப்பிடிக் காத்து இறங்குது. அங்க எந்த ஒட்டகம் நிக்கிது?

நம்மட கச்சானும் அதே சாதிதான். தென்மேல் பருவக்காத்து கொழும்புப் பக்கத்தில கரையேறக்குள்ள 28 பாகை சூடு வச்சுக்க. கடல் குடிச்சு ஈரமா வரும். முன்னால மத்திய மலை. ஏறாம வழியில்ல. மேல ஏற ஏற அமுக்கம் குறையும். அமுக்கம் குறைய வளி விரியும். விரியிற வளி தன்ட சக்தியச் செலவழிச்சு விரியிறதால குளிரும். ஆயிரம் மீற்றருக்கு 10 பாகைக் கணக்கு. ஒரு 500 மீற்றர் ஏறினதும் நீராவி ஒடுங்கி முகிலாகிடும். அங்கால கணக்கு மாறும். ஒரு கிலோ நீராவி ஒடுங்கி மழையாகினா 2,400 கிலோயூலுக்கு மேல வெப்பத்தக் காத்துக்குக் குடுத்திட்டுத்தான் விழும். அந்த வெப்பம் சேருறதால, மேற்கொண்டு ஏறக்குள்ள ஆயிரம் மீற்றருக்கு 5 பாகை அளவில மட்டும் குளிரும். வட்டவளையில வருசத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல கொட்டுற மழையெல்லாம் இப்பிடிச் சூட்டக் காத்திட்டக் குடுத்திட்டு விழுந்த மழைதான்.

2,000 மீற்றர் உச்சிக்கு வாறப்போ கிட்டத்தட்ட 15, 16 பாகை. நுவரெலியாவில கம்பளிக்குள்ள நடுங்குற வெள்ளக்காரன்ட சூடு. மறுகா இங்கால பதுளை, பிபிலைப் பக்கமா இறங்குது. இறங்கக்குள்ள முகில் இல்ல, மழை இல்ல. அமுக்கம் கூடக் கூட வளி இறுகும், இறுகினாச் சுடும். இந்த முறை ஆயிரம் மீற்றருக்கு முழுசா 10 பாகை. 2,000 மீற்றர் இறங்கினா 20 பாகை. 28இல புறப்பட்டது உன்ட சன்னலுக்கு 35, 36இல வந்து நிக்கிது. மழை மலைக்கு அங்கால இருக்கிறவனுக்கு, மழைக்குள்ள கிடந்த சூடு நமக்கு. பங்குபிரிச்ச வடிவப் பாத்தாயா? கச்சான் பலமா வீசுற நாளில கடற்காத்தக் கரையிலயே தள்ளி நிப்பாட்டிப்போடும். மட்டக்களப்பில வெப்பம் 38 பாகையத் தொடுறதும் அப்பதான்.

“நெருப்பில்லாமச் சூடு எப்பிடி வரும் மாமா?” எண்டு கேப்பாய். காரைதீவில 1892இல பிறந்த விபுலானந்த அடிகள யாழ் நூல் எழுதினவராத்தான் உனக்குத் தெரியும். அவர் துறவியாகிறதுக்கு முன்னால விஞ்ஞானம் படிப்பிச்ச வாத்தியார். அவர் ஊருக்குப் பக்கத்தில பிறந்துபோட்டு இதுக்கு முழிக்கிறாய். மாமின்ட சைக்கிள் பம்ம எடு. அதின்ட வாயப் பொத்திப்பிடிச்சு கெதியா ஒரு இருவது தரம் அடி. அடிக்குழாயத் தொட்டுப் பார். ஆரும் அடுப்பில வைக்கல்ல. உன்ட கை செஞ்ச வேலைதான் வளிக்குள்ள சூடாப் போய் இருக்கு. வளியின்ட மூலக்கூறுகளுக்கு எதிரா அமுக்குதண்டு வரக்குள்ள, அதில பட்டுத் தெறிக்கிறதெல்லாம் முந்தியவிட வேகமாத் தெறிக்கும். அந்த வேகத்துக்குப் பேர்தான் சூடு. மலையில இருந்து இறங்குற காத்த அமுக்க உன்ட கை தேவையில்ல. மேல கிடக்கிற வளியின்ட பாரமே அந்த வேலையச் செய்யுது.

இதச் சின்ன விசயமெண்டு நினையாத. அமெரிக்காவில ஸ்பியர்ஃபிஷ் எண்ட ஊரில 1943 தை 22இல மலைக்காத்து இறங்கி, பூச்சியத்துக்குக் கீழ 20 பாகையில கிடந்த குளிர இரண்டே நிமிசத்தில பூச்சியத்துக்கு மேல 7 பாகையாக்கிப்போட்டுது. நம்மட கச்சான் அவ்வளவு அவசரக்காரன் இல்ல. ஆனா சிறுபோக வேளாண்மை பூக்கிற நேரம் பாத்து 35 பாகைக்கு மேல அடிச்சா மகரந்தம் கெட்டு, கதிர் பதராப் போகும். சேனாநாயக்க சமுத்திரத்தில தண்ணி நிறைஞ்சு கிடந்தாலும் பதரை நெல்லாக்க ஏலா.

இப்ப உன்ட வைத்தியத்துக்கு வருவம். மேல தகரம், கீழ கண்ணாடி, நடுவில ஏ.சி. பூட்டப்போறாய். ஏ.சி. குளிரை உண்டாக்குற பெட்டியெண்டு உனக்கு ஆரோ யாவாரக் கதை சொல்லியிருக்கான். அது செய்யிறதும் மலை செய்யிற வேலைதான். ஒரு வாயுவ அமுக்கிச் சுடவைக்கும், அந்தச் சூட்ட வெளிய எறியும், மறுகா வாயுவ விரியவிட்டுக் குளிரவைக்கும். வெளிய கச்சான் 36 பாகையில நிக்கக்குள்ள அந்தச் சூட்ட எறியிறதுக்கு அது படுற பாடு கரண்ட் பில்லில தெரியும். பில்லுக்கும் ஏ.சி. போட ஏலாது, மருமகனே.

அதவிடப் பெரிய பகிடி, ஏ.சி. வரும்வரைக்கும் குசினியில பிரிஜ்ஜின்ட கதவத் திறந்துவச்சு அதுக்கு முன்னால கதிரை போட்டு இருந்தாயே. முன்பக்கத்தால வாற குளிர நீ பாத்தாய், பின்பக்கக் கம்பியால போற சூட்ட மாமி பாத்தா. உள்ள எடுத்த சூட்டோட மோட்டர் தின்ன கரண்டும் சேந்து அந்தக் குசினிக்குள்ளயே இறங்கும். பிரிஜ்ஜத் திறந்துவச்ச குசினி குளிராது, வேகும். அண்டைக்கு மாமி சமைக்காமப் படுத்தது உன்னாலதான்.

கச்சானுக்கு ஒரு பலவீனம் இருக்கு. அதைப் பிடி. மலையுச்சியில ஈரம் நூத்துக்கு நூறா இருந்த காத்து, இங்க வந்து சுட்டதும் 40 அளவுக்கு இறங்கிடும். தண்ணிக்கு அலையிற காத்து அது. அதாலதான் நிந்தவூர்க் கரையில கருவாடு கெதியாக் காயுது, மருதமுனைத் தறிக்காரருக்குச் சாயநூல் மத்தியானத்துக்குள்ள உலருது. அவங்க கச்சானத் திட்டுறதில்ல. நீ மட்டும் திட்டுறாய், ஏனெண்டா நீ அதுக்கு ஒரு வேலையும் குடுக்கல்ல.

பழைய மண்முட்டி ஒண்டுல தண்ணி வார்த்து, கச்சான் படுற நிழலில வை. முட்டி கசிஞ்சு, ஒரு லீற்றர் தண்ணி ஆவியாப் போனா, 50 லீற்றர் தண்ணிய 10 பாகையால குளிரவைக்கிற அளவு சூட்டத் தூக்கிக்கொண்டு போகும். 35 பாகை வெக்கையில முட்டித் தண்ணி 26, 27 பாகைக்கு இறங்கிடும், ஒரு சதம் கரண்ட் இல்லாம. மார்கழி வாடையில இந்த வித்தை பலிக்காது. அப்ப காத்து ஏற்கெனவே வயிறு நிறையக் குடிச்சிருக்கும். உன்ட வேர்வைக்கும் இதே கணக்குத்தான். கச்சானில வேர்வை வந்த சுவடு தெரியாமக் காஞ்சிடும். வேர்க்கல்லையே எண்டு தண்ணி குடிக்காம வயலில நிண்டா, தலை சுத்தி விழுற இடத்திலதான் உனக்குப் புத்தி வரும்.

ஆகவே மாமன்ட தீர்ப்பு இதுதான். ஏ.சி. வாங்கு, வேணாமெண்டு சொல்லல்ல. மச்சினன்மாருக்குக் காட்டவாவது ஒண்டு வேணும். அதுக்கு முதல் மேற்குச் சன்னலுக்குக் கிடுகுத் தட்டி கட்டு. காலையில பத்து மணிக்கு முதல் அந்தச் சன்னலப் பூட்டு. கச்சான் ஓய்ஞ்சு கொண்டல் திரும்புற நேரம் கிழக்குச் சன்னலத் திற. தகரத்துக்குக் கீழ கிடுகோ பலகையோ அடி. வளவின்ட மேற்கு ஓரத்தில இரண்டு வேம்பு நடு. காஞ்ச புல்லில கங்கு விழாமப் பார். கச்சானில பத்தின நெருப்ப நிப்பாட்ட ஒண்ணா. இவ்வளவும் செஞ்ச பிறகும் வேகுதெண்டா ஏ.சி.யப் போடு. கரண்ட் பில்ல மட்டும் என்னட்டக் கொண்டு வராத.