மூணணாவும் ஏழரையும்

செத்துப்போன காசுக்காக ஒரு நாடாளுமன்றம் மல்லுக்கட்டிய கதை இது. காசின் பெயர் அணா. ரூபாய்க்குப் பதினாறு. 1957 ஏப்ரல் 1-ம் தேதி (ஆமாம், அதே தேதிதான்) அரசு அதற்குப் பாடை கட்டி, இனி ரூபாய்க்கு நூறு நயா பைசா என்று தண்டோரா போட்டது. ஆறு வருஷம் கழித்து, 1963 ஆகஸ்டில், அணாவுக்குக் கொள்ளி வைத்த அதே பிரதமர் மக்களவையில் எழுந்து நாட்டு மக்களின் வருமானத்தை அணாவில் சொன்னார். அப்படிச் சொல்லவைத்தவர் ஒரு எதிர்க்கட்சிக்காரர். சபைக்குப் புதுசு, நாற்காலியில் உட்கார்ந்த சூடுகூட ஏறியிருக்காது.

அவர் ராம் மனோகர் லோகியா. பெர்லினில் படித்து, இந்திய உப்பு வரியை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவர். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம்மூர் வழக்கு. இவர் உப்புக்கு வரியிட்டவரை உள்ளளவும் நினைத்தார். வெள்ளைக்காரன் கப்பலேறிய பிறகும் பழக்கம் விடவில்லை. வரிப்பணம் எங்கே போகிறது என்று துருவிக்கொண்டே போனவர், ஒருநாள் தீன் மூர்த்தி பவன் வாசலில் போய் நின்றார்.

தீன் மூர்த்தி பவன் பிரதமர் நேரு குடியிருந்த மாளிகை. வெள்ளைக்காரத் தளபதிக்காகக் கட்டியது. எதிரே மூன்று போர்வீரர் சிலைகள் நிற்பதால் அந்தப் பெயர். இந்தியில் ‘தீன்’ என்றால் மூன்று. இதைக் கொஞ்சம் முடிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

1962 பொதுத்தேர்தலில் லோகியா நேருவை எதிர்த்து புல்பூரில் நின்றார். அந்தக் காலத்தில் நேருவை எதிர்த்து நிற்பது ஒரு வேண்டுதல் மாதிரி. மொட்டை போட்டுக்கொள்வதைவிடச் செலவு கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். தோற்றார். அந்த வருஷக் கடைசியில் சீனப் போர் வந்து நேருவின் செல்வாக்கைக் கீறிவிட்டுப் போனது. 1963 இடைத்தேர்தல்களில் பரூக்காபாத்திலிருந்து லோகியா, அம்ரோகாவிலிருந்து ஆச்சாரிய கிருபளானி, ராஜ்கோட்டிலிருந்து ராஜாஜியின் சுதந்திராக் கட்சிக்காரர் மினு மசானி என்று மூன்று பேர் வரிசையாக ஜெயித்து வந்தார்கள். காங்கிரஸுக்கு மூன்று குத்து. அந்த வலிக்குத் தைலமாகத்தான் காமராஜர் திட்டம் வந்தது. மூத்தவர்கள் பதவியைத் துறந்து கட்சி வேலை பார்க்க வேண்டும் என்றார் காமராஜர். சொன்னபடி தாமும் முதல்வர் நாற்காலியை விட்டு இறங்கினார். மற்றவர்களில் பலர் இறக்கிவிடப்பட்டார்கள். அது வேறு கதை.

ஆகஸ்டில் கிருபளானி நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார். விடுதலை பெற்ற நாட்டின் முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானம். கொண்டுவந்தவரோ விடுதலை நேரத்தில் காங்கிரஸ் தலைவராக இருந்தவர். அரசின் மீது அவருக்கு நம்பிக்கை இல்லை. தீர்மானம் ஜெயிக்கும் என்ற நம்பிக்கையும் அந்தச் சபையில் ஒருவருக்கும் இல்லை. ஆகவே எல்லோரும் நிம்மதியாகப் பேசினார்கள்.

லோகியா எழுந்தார். அவர் கையில் இரண்டே எண்கள். பிரதமரைச் சுற்றி ஒரு நாளைக்கு ஆகும் செலவு 25,000 ரூபாய். இந்த நாட்டில் 27 கோடிப் பேர் நாளொன்றுக்குக் காலம் தள்ளுவது மூன்று அணாவில். இந்தியில் ‘தீன் ஆனா’. முடிந்துவைத்ததை அவிழ்க்கலாம்: தீன் மூர்த்தியில் குடியிருந்தவரை லோகியா தீன் ஆனாவால் அடித்தார்.

நான் ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 25,000 ரூபாய்க்கு நாலு லட்சம் அணா. ஆளுக்கு மூணணா என்று பிரித்தால் 1,33,333 பேர். ஒரு அணா மிச்சம். அந்த ஒரு அணா யாருக்கு என்பதை இரு தரப்பும் விவாதிக்கவில்லை.

லோகியா அதோடு நிற்கவில்லை. பிரதமர் வீட்டு நாய்க்கே தினம் மூன்று ரூபாய் செலவாகிறது என்று ஒரு போடு போட்டார். மூன்று ரூபாய் என்றால் நாற்பத்தெட்டு அணா. அதாவது பதினாறு மனிதர்கள். பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க என்று நாம் கல்யாண வீட்டில் வாழ்த்துகிறோம். லோகியாவின் கணக்குப்படி அந்த வாழ்த்து டெல்லியில் ஒரு நாய்க்குத்தான் பலித்திருக்கிறது.

நேருவுக்குக் கோபம் வந்தது. வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். மூணணா என்பது தப்பு, திட்டக் குழுவின் புள்ளிவிவரப்படி பதினைந்து அணா என்றார். ரூபாய்க்கு ஒரே ஒரு அணா குறைச்சல். ஏழைக்கு அந்தப் பதினாறாவது அணாவையும் கொடுத்து முழு ரூபாயாக்கிவிட்டிருந்தால் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு என்ன நஷ்டமோ!

பதினைந்து எப்படி வந்தது? தேசிய வருமானத்தை ஜனத்தொகையால் வகுத்தார்கள், வந்துவிட்டது. டாடாவும் பிர்லாவும், காஜிப்பூரில் களத்து மேட்டைக் கூட்டுகிறவனும் ஒரே கூடையில். பந்தியில் பக்கத்து இலைக்காரர் இருபத்தொன்பது இட்லியை உள்ளே தள்ளிவிட்டார், எனக்குக் கிடைத்தது ஒன்று. சராசரி பதினைந்து. ஏப்பம் விட வேண்டியவன் நானும்தான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள்; இந்தச் சுரைக்காயை ஏட்டிலிருந்து பறித்துச் சபையிலேயே பரிமாறினார்கள்.

இதைத்தான் லோகியா பிடித்துக்கொண்டார். பணக்காரனையும் சேர்த்து வகுத்துச் சொல்லாதே, அடியில் கிடக்கும் 27 கோடியை மட்டும் தனியாக எடுத்துச் சொல் என்றார். மற்ற உறுப்பினர்கள் தங்கள் பேச்சு நேரத்தை அவருக்கு விட்டுக்கொடுத்தார்களாம். மைக் கிடைத்தால் மணியடித்தாலும் விடாத அரசியலில் இது ஒன்றே தனி அதிசயம்.

அப்போது திட்ட அமைச்சர் குல்சாரிலால் நந்தா சமாதானத்துக்கு வந்தார். நல்ல மனிதர், காந்தியவாதி. மூணணாவும் இல்லை, பதினைந்தணாவும் இல்லை. அடித்தட்டு மக்களுக்கு ஏழரை அணா என்றார்.

ஏழரை! இந்தியாவில் வேறு எந்த மொழிக்காரனுக்கும் புரிகிறதோ இல்லையோ, தமிழனுக்கு அந்த இடத்தில் சிலிர்த்திருக்கும். இருபத்தேழு கோடிப் பேரின் ஜாதகத்தை ஒரே வார்த்தையில் அரசாங்கமே சபையில் வாசித்துவிட்டது. திருநள்ளாற்றில் போய் எள் விளக்கு ஏற்ற வேண்டிய எண்ணை எடுத்து சமாதானம் பேசினால் என்ன ஆகும்?

ஆனதும் அதுதான். அதற்கு ஒரு வருஷம் முன்னால், 1962 ஜூலையில், திட்டக் குழு கூட்டிய அறிஞர் குழு ஒன்று, ஒரு மனிதன் குறைந்தபட்சமாக உயிர் வாழ மாதம் 20 ரூபாய் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தது. 1960-61 விலைவாசிப்படி. படிப்பும் வைத்தியமும் அதில் சேர்த்தியில்லை. அவற்றை அரசு பார்த்துக்கொள்ளும் என்பது பெரியவர்களின் நம்பிக்கை. மாதம் 20 என்றால் நாளுக்குப் பத்தே முக்கால் அணாவுக்குச் சற்றுக் குறைவு. உயிர் வாழப் பத்தரைக்கு மேல் வேண்டும் என்பது திட்டக் குழு கூட்டியவர்களின் கணக்கு. கிடைப்பது ஏழரை என்பது திட்ட அமைச்சரின் கணக்கு. லோகியாவின் மூணணாவைத் தூக்கிக் குப்பையில் போட்டாலும் அரசு தன் கோலில் தானே பந்தை அடித்தாயிற்று. அப்புறம் எதிர்க்கட்சி எதற்கு?

நேருவுக்கும் ஒரு வார்த்தை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். இரண்டு திட்டத்தில் கூடிய வருமானமெல்லாம் எங்கே போனது என்று 1960-லேயே கேட்டவர் அவர்தான். அதைக் கண்டுபிடிக்க மகலனோபிஸ் தலைமையில் ஒரு குழுவும் போட்டார்கள். அறிக்கை 1964-ல் வந்தது. கேட்டவர் அந்த வருஷம் மே மாதம் போய்ச் சேர்ந்தார்.

தீர்மானம் என்ன ஆயிற்று என்கிறீர்களா? ஆதரவு 62, எதிர்ப்பு 347. இந்த இரண்டு எண்ணையும் யாரும் மறுக்கவில்லை, சராசரியும் எடுக்கவில்லை.

இதே நாட்களில் இங்கே நம்மூரில் தி.மு.க. மேடைக்கு மேடை, வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது என்று முழங்கிக்கொண்டிருந்தது. உருக்காலை மூன்றும் ரூர்கேலா, பிலாய், துர்காபூர் என்று வடக்கே போய்விட்டன, சேலத்துக்கு ஒன்றுமில்லை என்ற வயிற்றெரிச்சலில் நியாயம் உண்டு. ஆனால் அந்த ‘வாழ்கிற’ வடக்கிலிருந்து வந்தவர்தான் மூணணாக் கணக்கைச் சொன்னார். அவருக்கு ஒரு வருஷம் முன்னால், 1962-ல், காஜிப்பூர் உறுப்பினர் விஸ்வநாத் சிங் கஹ்மரி அதே சபையில் கண் கலங்கப் பேசினார். எங்கள் ஜனங்கள் மாட்டுச் சாணியில் கிடக்கும் தானியத்தைப் பொறுக்கிக் கழுவித் தின்கிறார்கள் என்றார். அவர் ஆளுங்கட்சிக்காரர், ஆகவே யாரும் எண்ணைக் காட்டி மறுக்கவில்லை. அவருக்குக் கிடைத்தது அதைவிடக் கெட்டியான பதில்: ஒரு குழு.

படேல் குழு. காஜிப்பூர், ஆஸம்கர், தேவரியா, ஜவுன்பூர் என்று கிழக்கு உத்தரப்பிரதேசத்தின் நாலு மாவட்டங்களைச் சுற்றிப் பார்த்து 1964-ல் அறிக்கை கொடுத்தது. காஜிப்பூரில் கங்கைக்கு ஒரு ரயில் பாலம் வேண்டும் என்பதும் அதில் இருந்தது. அறிக்கையை வாங்கி வைத்தார்கள். வைத்தார்கள் என்றால், வைத்தார்கள். அந்தப் பாலத்துக்கு அடிக்கல் நாட்டியது 2016 நவம்பர் 14-ம் தேதி. நேரு பிறந்தநாள். நாட்டியவர் மோடி. காங்கிரஸ் காலத்து அறிக்கைக்கு நேரு பிறந்தநாளில் பா.ஜ.க. கல் வைப்பதற்குள், சாணியில் தானியம் பொறுக்கிய தலைமுறை பாலம் இல்லாமலே அக்கரை போயாயிற்று.

லோகியா 1967-ல் டெல்லி வில்லிங்டன் ஆஸ்பத்திரியில் இறந்தார். பிற்பாடு அந்த ஆஸ்பத்திரிக்கே அவர் பெயரை வைத்தார்கள். அரசு செலவைக் குடைந்துகொண்டே இருந்த மனிதரின் பெயரில் இப்போது வருஷா வருஷம் அரசு செலவு நடக்கிறது.

அணா போனது, நயா பைசாவில் நயா போனது, பைசாவும் போய்க்கொண்டிருக்கிறது; கணக்குச் சண்டை மட்டும் ஓயவில்லை. 2011-ல் அதே திட்டக் குழு உச்ச நீதிமன்றத்தில் ஒரு பிரமாணப் பத்திரம் போட்டது: நகரத்தில் நாளொன்றுக்கு 32 ரூபாயும் கிராமத்தில் 26 ரூபாயும் செலவழிக்க முடிகிறவன் ஏழையே அல்ல. அடுத்த வருஷம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒருவர் கேட்டதில், அதே குழு தன் கட்டிடத்தில் இரண்டு கழிப்பறைகளைப் புதுப்பிக்க 35 லட்சம் ரூபாய் செலவழித்தது வெளியே வந்தது. பலர் பயன்படுத்துகிற பெரிய கழிப்பறைகள் அவை என்று குழு விளக்கம் சொன்னது. சரி, சொல்லட்டும். நாம் திட்டக் குழு சொல்லிக்கொடுத்த முறைப்படியே சராசரி பார்ப்போம். முப்பத்தைந்தை இரண்டால் வகுத்தால் கழிப்பறை ஒன்றுக்குப் பதினேழரை லட்சம்.

அங்கேயும் ஏழரை.