நாற்பது விழுக்காட்டு மனுஷி

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மனசு சரியில்லாமல் போக இரண்டு வழி உண்டு. ஒன்று, அறை எடுத்துக்கொண்டு. இன்னொன்று, அறை எடுக்க வக்கில்லாமல்.

முதல் வழிக்கு மாமல்லபுரத்துச் சொகுசு விடுதிகளில் 'வெல்னஸ்' என்று பெயர். இளநீர் கொடுத்து உட்காரவைப்பார்கள். தூக்கம் எப்படி, பசி எப்படி, சின்ன வயதில் அம்மா மடியில் உட்காரவைத்துக் கொஞ்சினாரா, இப்போது உள்ளே இருக்கும் குழந்தை அழுகிறதா என்றெல்லாம் சாவகாசமாகக் கேட்பார்கள். உடல், மனம், ஆன்மா மூன்றையும் சேர்த்துப் பார்க்கிற 'ஹோலிஸ்டிக்' முறையாம். வெண்கலக் கிண்ணத்தைத் தட்டி ரீங்காரம் வேறு. பில் வரும் வரைக்கும் மனசு நிம்மதியாகவே இருக்கும்.

இரண்டாவது வழியில் தேவனேரிக் குப்பத்து மீன்கார அக்கா ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். விடிகாலையில் பஸ் ஏறி, அரசு ஓ.பி.யில் சீட்டு வாங்கி, மதியம் டாக்டர் முன்னால் உட்காருகிறார். "நெஞ்சு படபடங்குது, தூக்கமே இல்ல, யாரோ கூப்புடற மாதிரியே இருக்குது" என்கிறார். சீட்டில் ஒரு நோய்ப் பெயர், அதன் கீழே மூன்று மாத்திரை. அடுத்தவர் வரலாம். மாமல்லபுரத்துச் சிற்பி உளியை வைக்கும் முன் கல்லைத் தட்டி, ஒலி கேட்டு, பழுது பார்த்துத்தான் வேலையைத் தொடங்குவார். கல்லாகப் பிறந்திருந்தால் அக்காவையும் தட்டிப் பார்த்திருப்பார்கள்.

டாக்டரைத் திட்டுவது சுலபம். இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூடத் தேறாது; வாசலில் நூறு பேர் நின்றால் எந்த மகானும் இரண்டு நிமிஷத்துக்கு மேல் காது கொடுக்க முடியாது. ஆனால் இந்த இரண்டு நிமிஷம் தற்செயலாக வந்ததென்று நான் நம்பவில்லை. மூன்றாவது நிமிஷம் இருந்தால் கேள்வி வரும். கேள்வி வந்தால் பதிலும் வரும். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் கையிலிருந்து நழுவிய பிள்ளை. டாஸ்மாக்கில் குடியிருக்கும் புருஷன். குழுக்கடன் வசூலுக்கு வாசலில் வந்து உட்காரும் ஆள். கடல் தின்றது போக மிச்சமிருந்த மணலில் கருவாடு காயவைத்த இடத்துக்குக் குறுக்கே எழும்பிய ரிசார்ட் மதில். இதில் எதற்கு மருந்தகத்தில் மாத்திரை இருக்கிறது? மதிலை இடிப்பதைவிட அக்காவுக்கு மூளையில் ரசாயனம் குறைச்சல் என்று எழுதுவது அரசாங்கத்துக்கு மலிவு. மாத்திரை வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தக் குரல்களை அது அடக்கக்கூடும். மதிலை அடக்காது.

தெரியாமல் செய்கிறார்கள் என்றும் சொல்ல முடியாது. உடம்பையும் மனசையும் வாழ்க்கையையும் சேர்த்துப் பார்க்காமல் நோயைப் பார்க்காதே என்று அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் எங்கல் 'சயன்ஸ்' இதழில் எழுதியது 1977-இல். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2013-ஆம் வருஷக் கையேட்டிலேயே, உன் கஷ்டத்துக்கு நீ என்ன பெயர் வைத்திருக்கிறாய், உன் வீட்டார் என்ன சொல்கிறார்கள் என்று கேட்கும் 16 கேள்விகள் இருக்கின்றன. நோய்ப் பெயரைப் பார்க்கப் புரட்டும் பக்கங்களைத் தாண்டிப் பின்னால் இருப்பதால் அங்கே விரல் போவதில்லை. நம் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமோ, ஒருவரின் வறுமை, சாதி, மதம், ஊரோடு ஒத்துப்போகாத குணம் ஆகியவற்றை வைத்து மனநோய் என்று முடிவுகட்டாதே என்கிறது. நல்ல சட்டம். அதைப் பற்றியெல்லாம் கேட்கவே கூடாது என்று நம் ஆட்கள் புரிந்துகொண்டார்கள் போலிருக்கிறது.

வழியைத் தேடி வெளிநாடு போகவும் வேண்டாம். இந்தக் கடற்கரை இருக்கும் செங்கல்பட்டு இன்னும் காஞ்சிபுரத்துக்குள் இருந்த காலத்தில், மனநல மருத்துவர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பு காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஓர் ஆய்வில் பங்கெடுத்தது. கோவாவும் மகாராஷ்டிரமும் சேர்த்து மூன்று இடங்களில் 282 மனச்சிதைவு நோயாளிகள். டாக்டர் அல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள் வீட்டுக்கே போய்ப் பேசி, குடும்பத்தோடு உட்கார்ந்து, வேலைக்கும் வழி பார்த்தார்கள். ஆஸ்பத்திரி சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இந்த உதவியும் சேர்த்துப் பெற்றவர்கள் ஓரளவு நன்றாகத் தேறினார்கள். 2014-இல் 'லான்செட்' மருத்துவ இதழ் அச்சிட்டது. லண்டன் படித்துவிட்டது. கோவளத்தில் பேன்யன் அமைப்பு, ஆஸ்பத்திரியிலேயே கிடந்து நரைத்துப்போக இருந்த பெண்களைத் தெருவில் சாதாரண வாடகை வீடுகளில் நாலைந்து பேராகக் குடியமர்த்திக் காட்டியிருக்கிறது. சமையல், சண்டை, சந்தை எல்லாம் உண்டு. அதிகாரிகள் வந்து பார்த்துக் கைதட்டிவிட்டுப் போகிற தூரம்தான்.

இல்லை, அரசாங்கம் முழு மனிதரைப் பற்றி விசாரிக்கவே விசாரிக்காது என்றால் அது அபாண்டம். ஒரே ஓர் இடத்தில் விசாரிக்கும்: மாற்றுத்திறனாளி சான்றிதழ் தரும்போது. 2002-இல் அறிவித்த அளவுகோலுக்குப் பெயர், சத்தியமாக, 'ஐடியாஸ்'. தன்னைப் பார்த்துக்கொள்கிறாரா, மனிதரோடு பழகுகிறாரா, பேசிப் புரிந்துகொள்கிறாரா, வேலை செய்கிறாரா: சிரமத்தைப் பொறுத்து ஒவ்வொன்றுக்கும் நான்கு மதிப்பெண் வரை. நோய்க்கு வயது ஏற ஏறத் தனி மதிப்பெண். பத்து வருஷம் தாண்டினால் சுளையாக நான்கு. சீக்கிரம் வைத்தியத்துக்கு வந்த அவசரக்குடுக்கைக்கு ஒன்றுதான். மொத்தம் ஏழு எடுத்தால் 40 விழுக்காடு, உதவித்தொகைக்கு வாசல் திறக்கும். ஆறு என்றால் பாஸ் ஆகவில்லை. போய் இன்னும் கொஞ்சம் கெட்டுப்போய் வர வேண்டும்.

ஆகவே அக்கா, சான்றிதழைப் புதுப்பிக்கப் போற அன்னிக்குத் தலை வாராதீங்க, மார்க் போயிடும். பூ வைக்கவே வைக்காதீங்க. பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவங்ககிட்ட எந்த ஊருன்னு கேட்டுத் தொலைக்காதீங்க, பழகுறீங்கன்னு எழுதிடுவாங்க. வஞ்சிரம் கிலோ என்ன விலைன்னு கேட்டா டக்குன்னு சொல்லிடாதீங்க. மாத்திரை கொஞ்சம் கேட்டிருக்குன்னு மட்டும் வாயைத் திறக்காதீங்க. பழைய சீட்டுங்களை மறக்காம எடுத்துட்டுப் போங்க. உங்க வயசை யாரும் கேட்க மாட்டாங்க, நோய்க்கு எத்தனை வயசுன்னு கேட்பாங்க.