துண்டு தலைக்கு ஏறட்டும்

கேள்வி: சென்னை தி.நகர் குருத்வாராவுக்கு வேட்டி, துண்டோடு போனால் உள்ளே விடுவார்களா?
– வாசகர், வேடசந்தூர்

பதில்: தாராளமாக. வேட்டியை மட்டும் மடித்துக் கட்டாதீர்கள். நம் கோயிலில் சாமியைக் கண்டதும் தோள் துண்டு இடுப்புக்கு இறங்கும், ஜி.என். செட்டி சாலை குருத்வாராவில் அதே துண்டு தலைக்கு ஏற வேண்டும். ஆணோ பெண்ணோ, தலையை மூடாமல் சீக்கியரின் புனித நூலான குரு கிரந்த சாகிப் முன் போகக் கூடாது. செருப்பு வெளியே. உள்ளே தரையில் சம்மணம், புனித நூலின் பக்கம் கால் நீட்டக் கூடாது. லங்கர் என்கிற இலவசப் பொதுச் சாப்பாட்டுக்கும் தரைதான். வேட்டிக்காரருக்குச் சுகம், இறுக்கமான ஜீன்ஸில் வருகிறவர் பாடுதான் திண்டாட்டம். இன்னொன்று, நீங்கள் புகையிலை ஆராய்ச்சி நிலையமே இருக்கிற ஊர்க்காரர். சீக்கியருக்குப் புகையிலை அறவே ஆகாது. கிளம்புமுன் மடியை ஒருமுறை உதறிவிடுங்கள். பீடிக்கட்டு வேடசந்தூரிலேயே கிடக்கட்டும்.