நாலு ஓட்டை ஆசாமி

நண்பர் வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது, பார்த்துவிட்டு வரலாம் என்று போனாலும் இவருடைய கண் முதலில் போவது கம்ப்யூட்டர் மேஜைக்குத்தான். தொட்டிலைப் பார்த்து ஒரு சிரிப்பு, பிஞ்சுக் கையில் ஒரு நூறு ரூபாய். அதோடு சரி. மெல்ல மேஜைப் பக்கம் நகர்ந்து, மானிட்டருக்குப் பின்னால் தலையை விட்டுப் பார்ப்பார். “நாலு ஓட்டை இருக்கே! அப்புறம் ஏன் சார் இந்த டப்பா ஸ்டாண்டுல வச்சிருக்கீங்க?” என்பார். பிள்ளை பெற்ற வீட்டில் இதற்கு யார் பதில் சொல்வது?

ஆசாமிக்கு நாற்பதைத் தாண்டிய வயது. ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து ஆபீஸ் வீட்டுக்குள் நுழைந்தபோது, சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்தவர். ஒரு மாதத்தில் கழுத்து பிடித்துக்கொண்டது. தைலம் தடவினார், தலையணையை மாற்றினார், நாற்காலியை மாற்றினார். கடைசியில் ஆபீஸ் மானிட்டரையே வீட்டுக்கு வரவழைத்துக்கொண்டார். யாரோ ஒரு புண்ணியவான் அப்போதுதான் அந்த விதியைச் சொன்னார்: திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் அல்லது அதற்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும், தூரம் ஏறக்குறைய ஒரு கை நீளம். விதி சரியான விதிதான். அதற்கு ஒரு விலக்கு உண்டு என்பதை மட்டும் அந்தப் புண்ணியவான் சொல்லாமல் விட்டுவிட்டார்.

முதல் கட்டம் காகிதக் கட்டம். ஏ4 தாள் 500 அடங்கிய ஒரு ரீம் சுமார் 5 செ.மீ. உயரம். மானிட்டருக்கு அடியில் இரண்டு ரீம் வைத்தால் பத்து. கணக்குச் சுத்தமாக வந்தது. ஆனால் மகளுக்குப் பள்ளி பிராஜெக்ட் வரும்போதெல்லாம் இரண்டாவது ரீமிலிருந்து தாள் உருவப்பட்டது. சில வாரங்களில் திரை இடப்பக்கம் சாய்ந்து, எக்செல் வரிசைகள் மலைச்சரிவில் இறங்கத் தொடங்கின.

அடுத்து ஆசாரி வந்தார். அளவெல்லாம் கேட்டுக்கொண்டு, “சாமி படம் வைக்கவா சார்? முன்னாடி ரெண்டு குமிழ் வச்சுத் தரட்டுமா?” என்றார். வேண்டாம் என்று சொல்லியும் குமிழோடுதான் பலகை வந்தது. மாமியார் ஒருநாள் அதற்குப் பொட்டு வைத்தார்.

அந்தக் காலத்தில் இந்தத் தொல்லையே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 17 அங்குல டப்பா மானிட்டர் பதினைந்து கிலோவை ஒட்டி இருக்கும். படுக்கை வசத்தில் கிடக்கும் சி.பி.யு. மேல் அதைத் தூக்கி வைத்தால் வைத்ததுதான். வளைய வேண்டியது மனிதன். இப்போதைய 24 அங்குலத் தட்டைத் திரையை ஸ்டாண்டிலிருந்து கழற்றினால் மூன்று, நான்கு கிலோதான். எடை குறைந்ததும் ஆசை கூடிவிட்டது.

பலகையைத் துடைக்கும் சாக்கில் மானிட்டரைத் திருப்பிய ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் இவர் நாலு ஓட்டையைக் கண்டார். சதுரமாக நான்கு திருகுத் துளைகள், ஒன்றுக்கொன்று 100 மி.மீ. இடைவெளி. சிறிய திரைகளில் அது 75 மி.மீ. ‘வெசா’ என்று திரைக் கம்பெனிகளுக்கு ஒரு சங்கம் உண்டு. அந்தச் சங்கம் 1997இல் வகுக்கத் தொடங்கிய அளவு அது. திரையின் எடை நூறு மி.மீ. சதுரத்துக்கு 14 கிலோ வரை, 75க்கு 8 கிலோ வரை, திருகு எம்4. இந்த அளவுக்குச் செய்த எந்தக் கம்பெனித் தாங்கியும் இந்தத் துளைகள் உள்ள எந்தக் கம்பெனி மானிட்டரின் முதுகிலும் உட்காரும். செல்போன் சார்ஜருக்குப் பல வருஷம் வராத ஒற்றுமை மானிட்டர் முதுகுக்கு அப்போதே வந்துவிட்டது என்று நினைக்கும்போது யாருக்கும் கொஞ்சம் மெய்சிலிர்க்கும். இவருக்கு ஒரேயடியாகச் சிலிர்த்துவிட்டது. மறுநாளே எலெக்ட்ரானிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனார்.

வாங்கி வந்தது கேஸ் ஸ்பிரிங் வைத்த ‘ஆர்ம்’. மேஜை விளிம்பில் கவ்வி நிற்கும் இரும்புக் கை. உள்ளே ஒரு குழாயில் அழுத்தி அடைத்த வாயு திரையின் எடையைத் தாங்கும், ஒரு விரலால் தள்ளினால் ஏறும், இறங்கும். எடையை ஸ்பிரிங்கால் சமன் செய்து, விட்ட இடத்தில் நிற்கவைக்கும் யோசனை ஒன்றும் புதிதல்ல. கார்களுக்கு சஸ்பென்ஷன் வடிவமைத்துக்கொண்டிருந்த ஜார்ஜ் கார்வர்டைன் என்ற ஆங்கிலேயர் 1932இல் அதை வைத்து மேஜை விளக்கு செய்தார். ‘ஆங்கிள்பாய்ஸ்’ என்ற பெயரில் அது உலகம் சுற்றியது. வீட்டுக்கு வருகிற யாருக்கும் காபி வரும் முன்பே இந்தக் கதை வந்துவிடும்.

பொருத்தும் படலத்தைப் பார்த்தவர்கள் பாக்கியசாலிகள். கவ்வியை இறுக்கினார், அது நெரிபட்ட மரத்தூள் மேஜைக்குள் அமிழ்ந்தது. அடியில் ஒரு இரும்புத் தகடு வைத்துச் சமாளித்தார். அடுத்து, இரும்புக் கையைக் கீழே அழுத்திப் பிடித்தபடியே பெட்டியில் இருந்த எச்சரிக்கைத் தாளை எடுத்துப் படிக்கலானார். எடை ஏற்றாத கை துள்ளும் என்று அதில் போட்டிருந்தது. படித்து முடிப்பதற்குள் துள்ளிவிட்டது. மூக்குக்கண்ணாடி தப்பியது, டேபிள் ஃபேன் தப்பவில்லை.

மானிட்டரைப் பிடித்துக்கொள்ள மனைவி அழைக்கப்பட்டார்.

“ஏங்க, அடுப்புல பால் இருக்கு.”

“ஒரே ஒரு ஸ்க்ரூதாம்மா. அசையாம பிடி.”

“இதையேதான் மூணு ஸ்க்ரூவா சொல்றீங்க.”

நாலாவது திருகு கை நழுவி மேஜைக்கடியில் உருண்டது. பால் பொங்கியது. ஒருவழியாக மாட்டி முடித்துக் கையை எடுத்தார். திரை, கச்சேரியில் முன்வரிசையில் தூங்கும் பெரியவரின் தலையைப் போல மெல்ல மெல்லக் கவிழ்ந்து மேஜையைத் தொட்டது. எடைக்கு ஏற்ப ஸ்பிரிங்கை முறுக்க வேண்டும். அதற்கு ஆலன் கீயைப் பிளஸ் பக்கம் திருப்ப வேண்டும். இவர் மைனஸ் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்.

“எவ்வளவு ஆச்சு?” என்று அன்று ராத்திரி கேள்வி வந்தது. இதற்கு அவரிடம் தயாராக ஒரு பிரம்மாஸ்திரம் உண்டு. 2019 ஜூனில் ஆப்பிள் கம்பெனி 4,999 டாலருக்கு ஒரு திரையை அறிவித்தது. ஸ்டாண்டு அந்த விலையில் சேரவில்லை. தனியாக 999 டாலர், அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 69 ஆயிரம் ரூபாய். வெசா பட்டை போதும் என்பவர்களுக்கு அதுவே 199 டாலர். ஸ்டாண்டு விலையைச் சொன்னதும் அரங்கத்தில் எழுந்த முணுமுணுப்பு வீடியோவில் தெளிவாகக் கேட்கும். அந்த வீடியோவை மனைவிக்குப் போட்டுக்காட்டி, “நம்முது வெறும் ஆறாயிரம்” என்றார். அறுபத்து மூவாயிரம் மிச்சம் பிடித்த தோரணை முகத்தில் இருந்தது. இந்தக் கணக்கு எந்த வீட்டிலும் எடுபட்டதில்லை.

அதன்பின் இரட்டைக் கை, திரையைக் கோபுரம் மாதிரி நிமிர்த்தி வைப்பது என்று சில பருவங்கள் கழிந்தன. சுவரில் மாட்டும் திட்டம் டிரில்லிங் மெஷின் சத்தம் கேட்டு மாடியேறி வந்த வீட்டுக்காரரோடு முடிந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் முதல் இரண்டு நாள் கழுத்து வலி குறைந்ததாகச் சொல்வார். மூன்றாம் நாள் திரை இன்னும் ஒரு அங்குலம் ஏறும்.

உண்மை வெளிப்பட்டது கண்ணாடிக் கடையில். இவர் போட்டிருப்பது புரோகிரஸிவ் கண்ணாடி. தூரப் பார்வைக்கான பவர் மேலே, படிக்கிற பவர் கீழே. கண் மட்டத்தில் இருக்கும் திரையைக் கண்ணாடியின் கீழ்ப்பாதி வழியாகப் பார்க்க வேண்டுமானால் மோவாயைத் தூக்கியாக வேண்டும். திரை ஏற ஏற மோவாயும் ஏறும், கழுத்து பின்னால் மடங்கும். ஃபிரேமைச் சரிசெய்துகொண்டே கடைக்காரப் பையன், “ஸ்கிரீனை நல்லா இறக்கி, லேசா மல்லாத்தி வைங்க சார், சரியாயிடும்” என்றான். அவன் அதற்குக் காசுகூட வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து பரண் ஏறி, கம்பெனி கொடுத்த பழைய குட்டை ஸ்டாண்டைத் தேடி எடுத்து மாட்டினார். கழுத்து வலி குறையத் தொடங்கியது. அதோடு கதை முடிந்திருக்கலாம். ஆனால் குனிந்து நிமிர்ந்து அளந்து பார்த்ததில், மேஜையே உயரம் என்று இப்போது தோன்றியிருக்கிறது. மோட்டார் வைத்து ஏறி இறங்கும் மேஜைகளின் விலையை விசாரித்துக்கொண்டிருக்கிறார். ஆசாரிக்கும் போன் போயிருக்கிறது.

ஸ்டாண்டு மாற்ற நினைப்பவர்கள் மூன்றைப் பார்த்தால் போதும்: துளைகளின் இடைவெளி, ஸ்டாண்டு நீங்கலாகத் திரையின் எடை, மேஜைப் பலகையின் தடிமன். கண்ணாடி மேஜையில் கவ்வி மாட்டவே மாட்டாதீர்கள். நாற்பது தாண்டியிருந்தால் முதலில் கண்ணாடிக் கடைக்குப் போய்விட்டு வாருங்கள். இவர் உங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொன்னால், மானிட்டரின் முதுகைச் சுவரோடு ஒட்டி வைத்துவிடுங்கள்.