ரெண்டு பேருக்கும் அபராதம் போட்டாச்சு, ஆட்டைக் காணோமே மாப்ளே!

மாப்ளே, மெகர்சந்த் மார்க்கெட்டுல இருந்து வாங்கிட்டு வந்தீரே ஒரு பிஸ்கட்டு, அதுல ஒண்ணு தின்னு பாத்தேன். அப்புறம் டப்பாவுல ஒட்டியிருந்த விலையையும் பாத்தேன். ரெண்டுல எது தொண்டையில சிக்குச்சுன்னு இன்னும் பிடிபடல. அரிசி மாவும் மக்காச்சோள மாவும் சேத்துச் சுட்டுட்டு ‘குளூட்டன் ஃப்ரீ’ன்னு எழுதியிருக்கான். கோவில்பட்டியில தெருமுக்குல உக்காந்து முறுக்கு சுடுத ஆச்சிக்கு இந்த ரெண்டு இங்கிலீஷ் வார்த்தையை யாராவது முன்னமே சொல்லிக்குடுத்திருந்தா, அவ இந்நேரம் மாடி வீடு கட்டி கீழ்வீட்டை வாடகைக்கு விட்டிருப்பா.

கோவப்படாதீரும். பொண்ணைக் குடுத்த மாமன் கேலி பண்ணாம வேற யாரு பண்ணுவா?

உம்ம கதையைச் சொல்லுதேன், தப்பா இருந்தா திருத்தும். டெல்லிக்கு மாத்தலாகி வந்ததுல இருந்து வயிறு உப்புசம். சாப்பிட்ட கையோட ஓட்டம். சி.ஜி.ஓ. காம்ப்ளெக்ஸு ஆபீஸுல பக்கத்து சீட்டுக்காரர் ‘கோதுமையை விடுங்க ஜி’ன்னாரு, விட்டுட்டீரு. மாடி வீட்டம்மா ‘வயித்துல பூச்சியா இருக்கும்’னா, கன்னா மார்க்கெட்டு மருந்துக்கடையில மாத்திரை வாங்கி முழுங்கினீரு. ஊர்ல இருந்து உங்க அம்மை போன்ல ‘வேப்பங்கொழுந்தை உருட்டி முழுங்குலே’ன்னா, அதையும் விடல. இப்ப கேட்டா ‘பாதி தேவலாம் மாமா’ங்கீரு. எந்தப் பாதி? யாரு புண்ணியத்துல? ஆட்டைக் காணோம்னு பிராது வந்ததும் சந்தேகப்பட்ட ரெண்டு பேருக்கும் அபராதம் போட்டு அனுப்பிவச்ச பஞ்சாயத்து ஆயிட்டுதுல்லா உம்ம வயிறு! ஆடு எங்கன்னு இன்னும் ஒருத்தனுக்கும் தெரியாது.

நான் சுகாதார ஆய்வாளரா இருந்து பென்சன் வாங்குதவன். ஊரான் கொல்லைப்புறத்துல என்ன கெடக்குன்னு பாக்குறதுதான் சர்க்கார் எனக்குக் குடுத்த உத்தியோகம். அதனால வெக்கமில்லாம பேசுதேன், நீரும் வெக்கப்படாம கேளும்.

சிறுகுடலுக்கு உள்பக்கம் நெடுக பொடிப்பொடியா முளைகள் இருக்கும். பள்ளிக்கூடப் புத்தகத்துல ‘குடலுறிஞ்சி’ன்னு படிச்சிருப்பீரு. திங்கிற சோத்துல உள்ள சத்தை உறிஞ்சி ரத்தத்துல விடுதது அதுகதான். சீலியாக்குன்னு ஒரு சீக்கு இருக்கு. அது வந்தவுகளுக்குக் கோதுமை, பார்லி, ரை இதுகள்ல உள்ள குளூட்டன் உள்ள போனதும், உடம்போட சொந்தக் காவல்படையே கிளம்பிவந்து அந்த முளைகளை மழுங்கடிச்சிரும். அது ஒரு வழி. இன்னொரு வழி ஜியார்டியா. கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி. அழுக்குத் தண்ணியில வரும், அதே சிறுகுடல்ல வந்து ஒட்டிக்கிட்டு உக்காந்துக்கிடும். ரொம்ப நாள் இருந்தா அதுவும் சில பேருக்கு அந்த முளைகளை மழுங்க வச்சிரும். உப்புசம், ஏப்பம், எண்ணெய் மிதக்குத மாதிரி வெளிக்குப் போறது, எடை குறையுறது எல்லாம் ரெண்டுலயும் உண்டு. வெளியில இருந்து பாத்து இதுவா அதுவான்னு சொல்ல எய்ம்ஸ் டாக்டராலயே முடியாது. பக்கத்து சீட்டுக்காரருக்கு மட்டும் எப்படியோ முடிஞ்சிருக்கு.

கொக்கிப்புழு சமாச்சாரமும் இப்படித்தான். அது குடல்ல கடிச்சுத் தொங்கிக்கிட்டு ரத்தத்தைக் குடிக்கும், ஆளு வெளுத்துப்போவான். சீலியாக்குக்காரனுக்கு இரும்புச்சத்து உள்ளயே ஏறாது, அவனும் வெளுத்துப்போவான். ரெண்டு பேருக்கும் ஒரே சிவப்பு மாத்திரையை எழுதிக்குடுத்து அனுப்பிருவாங்க. வருசக்கணக்கா இரும்பு மாத்திரை முழுங்கியும் ரத்தம் ஏறாத பொம்பளைப் பிள்ளைகள் எத்தனையோ பேரை நான் பாத்திருக்கேன். ‘மாத்திரையை ஒழுங்கா திங்கமாட்டா’ன்னு அதுகளைத் திட்டுதவுகதான் அதிகம். ஏன் ஏறலைன்னு கேட்டவுக கொஞ்சம்.

உமக்கு ஒரு ஆளைச் சொல்லுதேன். ஹாலந்து தேசத்துல டெல்ஃப்ட்டுன்னு ஒரு ஊரு, அங்க லேவன்ஹூக்குன்னு ஒரு துணி வியாபாரி. 1681ல அவருக்கு வயித்தால போச்சு. ஊரு உலகத்துல எல்லாரும் செய்யுத மாதிரி மூக்கைப் பொத்திக்கிட்டு வெளிய வராம, அதுல கொஞ்சம் எடுத்துத் தன் கையால செஞ்ச லென்ஸுக்கு அடியில வச்சுப் பாத்திருக்காரு. உள்ள என்னமோ பொடிசா நீந்துது! ஜியார்டியாவை முதல்முதலா பாத்த மனுசன் அவருதான்னு சொல்லுதாங்க. நான் லேபுல பாத்திருக்கேன். ஒரு பக்கம் பருத்து ஒரு பக்கம் கூம்பியிருக்கும், மேல ரெண்டு வட்டம், அச்சு அசல் கண்ணு. முழிச்சு நம்மளையே பாக்கும். அப்பேர்ப்பட்ட ஆளு தன்னோடதைத் தானே ஆராய்ச்சி பண்ணினாரு. நீரு ஒரு டப்பாவுல எடுத்து லேபுல குடுக்கக் கூச்சப்படுதீரு.

அதுவும் ஒருநாள் குடுத்தா போதாது. ஜியார்டியா தினமும் வெளிய வராது, ஒருநாள் வரும், ரெண்டு நாள் பதுங்கும். அதனால விட்டு விட்டு மூணு நாள் குடுக்கணும். கடையில வாங்கி முழுங்கினீரே ஆல்பெண்டசோல், அந்த ஒத்தை மாத்திரை உருண்டைப்புழு, கொக்கிப்புழு வகையறாவுக்கு. ஜியார்டியாவுக்கு வேற மருந்து, அதை டாக்டர்தான் எழுதணும். ‘உங்க பேரப்பயலுக்குப் பள்ளிக்கூடத்துல அந்தப் புழு மாத்திரையைச் சோதனையே பண்ணாம குடுக்காங்களே’ன்னு கேப்பீரு. 2015ல இருந்து தேசியக் குடற்புழு நீக்க நாள்னு பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 ரெண்டு நாள் ஒரு வயசுல இருந்து 19 வயசு வரைக்கும் குடுக்காங்க, வாஸ்தவம். பிள்ளைக நிறையப் பேருக்குப் புழு இருக்குத தேசத்துல ஒவ்வொண்ணா சோதிச்சுக்கிட்டு இருந்தா முடியாதுன்னு மொத்தமா குடுக்குத ஏற்பாடு அது. உமக்கு 19 தாண்டி தலையில நரையும் தட்டிட்டு. உமக்கு வேண்டியது விசாரணை.

இப்ப முக்கியமான சங்கதிக்கு வாரேன், காதை இப்படிக் குடும். சோதனைக்கு முன்னால கோதுமையை விட்டதுதான் நீரு பண்ணின பெரிய குளறுபடி. சீலியாக்கைக் கண்டுபிடிக்க முதல்ல ரத்தத்துல ஒரு எதிர்ப்பொருளைத் தேடுவாங்க, டி.டி.ஜி.ன்னு பேரு. அதுல சந்தேகம் வந்தா வாய் வழியா குழாய் விட்டு, சிறுகுடல் தொடங்குத இடத்துல இருந்து துளி சதை எடுத்துப் பாப்பாங்க. கோதுமை தின்னுக்கிட்டு இருந்தாத்தான் இதெல்லாம் தெரியும். மாசக்கணக்கா விட்டுட்டுப் போனா எதிர்ப்பொருள் இறங்கியிருக்கும், குடலும் தேறியிருக்கும். ‘உமக்கு ஒண்ணுமில்லை’ன்னு சீட்டு எழுதிக் குடுத்திருவாங்க. அப்புறம் டாக்டர் சொல்லுதபடி திரும்பவும் சில வாரம் சப்பாத்தி தின்னுட்டுத்தான் போகணும். ஜோர் பாக்குல மெட்ரோ ஏறினா ஐ.என்.ஏ. தாண்டி அடுத்த ஸ்டேஷன் எய்ம்ஸ். தேசத்துல பாதிப் பேரு ரெண்டு நாள் ரயில்ல வந்து அங்க வரிசையில நிக்கான். ரெண்டு ஸ்டேஷன் தள்ளிக் குடியிருக்குத நீரு பக்கத்து சீட்டுல வைத்தியம் பாக்கீரு.

‘நம்மளுக்கு அதெல்லாம் வராது மாமா, அது பஞ்சாபிக சீக்கு’ன்னு போன வாரம் சொன்னீருல்லா? அதுக்கும் கணக்கு இருக்கு. எய்ம்ஸும் வேலூரும் இன்னும் சில ஊர் டாக்டர்மாரும் சேந்து 23,331 பேருக்கு ரத்தம் எடுத்துப் பாத்து 2016ல முடிவை வெளியிட்டாங்க. அந்த எதிர்ப்பொருள் வடக்க நூத்துக்கு 1.23 பேருக்கு, வடகிழக்க 0.87, நம்ம தெக்க 0.10. ‘பாத்தீரா, நான் சொல்லல?’ன்னு துள்ளாதீரும், மீதியையும் கேளும். அந்தச் சீக்குக்கு எடம் குடுக்குத மரபணு வடக்க 38.1 சதவீதம், தெக்க 36.4. மரபணுவுல ஒண்ணும் பெரிய வித்தியாசம் இல்லை. தட்டுலதான் வித்தியாசம். வடக்க ஒரு ஆளு ஒரு நாளைக்குச் சராசரியா 455 கிராம் கோதுமை திங்கான், தெக்க 25 கிராம். வடகிழக்க 37 கிராம்தான், ஆனா சீக்கு அங்கயும் இருக்கு. அதனால கோதுமை அளவு ஒண்ணுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல நான் வரல. ஆனா உம்மைப் பாரும். கோவில்பட்டியில என்னைக்காவது ஒருநாள் ராத்திரி சப்பாத்தி, ஞாயித்துக்கிழமை பரோட்டா. இங்க வந்தப்புறம், கோதுமையை விடுத வரைக்கும், காலையில பிரெட்டு, மத்தியானம் கேன்டீன்ல ரொட்டி, சாயங்காலம் சமோசா, ராத்திரி புல்கா. தெக்கத்தி வயித்துக்குள்ள வடக்கத்தி மூட்டையை இறக்கியிருக்கீரு. சீலியாக்கே இல்லாட்டாலும் உப்பத்தான் செய்யும். கோதுமையில வாயு கிளப்புத மாவுச்சத்து ஒண்ணு தனியா இருக்கு, வெங்காயத்துலயும் பூண்டுலயும் உள்ள அதே சரக்கு. சும்மா அதனாலகூட இருக்கலாம்.

இதுல பெரிய கூத்து என்னன்னா, நீரு கோதுமையை விட்டுட்டதா நெனச்சுக்கிட்டு இருக்கீரே, விடவே இல்லை. நேத்து எம்மக ரசம் வைக்கும்போது அடுக்களையில நின்னேன். தாளிச்சு இறக்கினா, ஷெல்பைத் தொறந்து பெருங்காய டப்பாவை எடுத்து ரெண்டு தட்டு தட்டினா. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு டப்பாவோட பின்பக்கத்தைப் படிச்சேன். கூட்டுப் பெருங்காயம். பொடி எழுத்துல போட்டிருக்கான்: பிசின், கோதுமை மாவு, அப்புறம்தான் பெருங்காயம். பிஸ்கட்டுக்கு அத்தனை ரூவாய் குடுத்துட்டு, ரசத்துல தினமும் ரெண்டு தட்டு கோதுமை! சாம்பாருல ஒரு தட்டு! மோருல ஒரு சிட்டிகை! எம்மகளைக் கோவிச்சுக்காதீரும், பெருங்காயத்துக்குள்ள கோதுமை இருக்கும்னு அவளுக்கு யாரு சொன்னா? ராத்திரி குடிக்கீரே மால்ட்டு பானம், அது பார்லி. விரதத்துக்கு வைக்கிற ரவா கேசரி, பாயசத்துல சேமியா, எல்லாம் ஒரே குடும்பம்.

நவராத்திரிக்கு இங்க கடைக்குக் கடை குட்டு மாவு விப்பான், கோதுமையே கிடையாதுன்னு. மாவு நல்ல மாவுதான். ஆனா அவன் திரிக்கிற சக்கியைப் பாரும். இப்பத்தான் அஞ்சு கிலோ கோதுமை திரிச்சிருப்பான், கல்லுல ஒட்டினதைத் தட்டாம அப்படியே குட்டைக் கொட்டுவான். நிசமான சீலியாக்குக்காரனுக்கு அந்த ஒட்டு மாவே போதும்.

கோதுமையை விட்ட கையோட என்ன பிடிச்சீரு? பச்சை சாலட்டு. கோசும் கேரட்டும் கொத்தமல்லியும் குழாய்த் தண்ணியில ஒரு முக்கு முக்கி, கடிச்சுத் திங்கீரு. சந்தேகப்பட்ட ஒருத்தனை முன்வாசல்ல தொரத்திட்டு இன்னொருத்தனுக்குப் பின்வாசலைத் தொறந்து வச்சிருக்கீரு. புழு முட்டை காய்கறியில ஒட்டிக்கிட்டும் வரும். பன்னி இறைச்சியை மோந்துகூடப் பாக்காத சைவப்பிள்ளைக மூளையில நாடாப்புழுக் குஞ்சு போய்க் கட்டியாகி, வலிப்பு வந்து படுத்திருக்கு. ஜியார்டியாவுக்குக் குளோரின்லாம் பெரிசா உறைக்காது, தண்ணி கொதிக்கணும். பானி பூரிக்காரன் பானையில கையை முக்கி முக்கி எடுக்கிறதை நின்னு வேடிக்கை பாத்தாலே போதும், நான் வேற தனியா சொல்ல வேண்டாம்.

இன்னொரு பக்கம் நம்ம ஆஸ்திரேலியாக்காரன் செஞ்ச வேலையைக் கேளும். சீலியாக்கு உள்ள 12 பேரைப் பிடிச்சு, ஆளுக்கு இருவது கொக்கிப்புழுக் குஞ்சைத் தோல்ல விட்டான். புழு உள்ள இருந்தா உடம்போட காவல்படை கொஞ்சம் சாந்தமா இருக்கும், அப்ப கோதுமையைத் தாங்குவான்கிறது யோசனை. 2014ல வெளிவந்த முடிவுல பரவாயில்லாமத்தான் இருந்துது. சோதனை முடிஞ்சு ‘புழுவை எடுத்துரட்டா’ன்னு கேட்டதுக்கு ‘வேண்டாம், இருக்கட்டும்’னுட்டாங்களாம்! 1916ல இருந்து ராக்பெல்லர் அறக்கட்டளைக்காரன் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல நம்ம சனங்க குடல்ல இருந்து இதே புழுவை விரட்ட மருந்தைத் தூக்கிக்கிட்டு லயம் லயமா அலைஞ்சான். நம்மாளு அதை இலவசமா வளத்தான், ஆஸ்திரேலியாக்காரன் லேபுல வளத்து ஏத்திக்கிட்டான். உடனே செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு லோதி தோட்டத்துப் புல்லுல நடக்கக் கிளம்பிராதீரும். 2020ல இன்னும் நிறைய ஆளை வச்சு முறையா சோதிச்சப்போ, தினமும் ரெண்டு கிராம் குளூட்டன் குடுத்தா புழு காப்பாத்தலைன்னு தெரிஞ்சுபோச்சு.

கேலியை ஓரமா வச்சுட்டு ஒண்ணு சொல்லுதேன். சோதனையில சீலியாக்குன்னு உறுதியா வந்துட்டா, அது ஆயுசுக்கும் உள்ள விரதம். கலியாண வீடு, கோயில் பிரசாதம் எதுக்கும் விலக்கு கிடையாது. பேரப்பயலுக்கும் ரத்தம் எடுத்துப் பாத்துரணும், ரத்த உறவுல வர வாய்ப்பு ஜாஸ்தி. இப்பவே அவன் வெளுத்துத்தான் இருக்கான், எனக்கு அதுதான் உறுத்துது. அப்படியில்லாம ஜியார்டியான்னு வந்தா சில நாள் மருந்தோட போச்சு. அதுக்கப்புறமும் கொஞ்ச நாள் பாலு ஒத்துக்காமப் போகலாம், லஸ்ஸியைப் பாத்ததும் ஓடாதீரும். ரெண்டும் சேந்தும் இருக்கலாம், அதுவும் நடக்குறதுதான். கோதுமையைச் சுத்தமா விட்டும் வயிறு அடங்காத ஆளுக்கு, முதல்ல பெருங்காய டப்பாவைப் பாக்கணும், அடுத்தது பூச்சியைப் பாக்கணும்.

ஆக, நாளைக்குக் காலையில எய்ம்ஸுக்குக் கிளம்பும். மூணு நாள் டப்பா குடுக்கணும்னா வாயை மூடிக்கிட்டுக் குடும். மூடியை இறுக்கி, பேரை எழுதி ஒட்டி, ரெண்டு கவர் போடும். எம்மக டிபன் கட்டிக் குடுக்குத மஞ்சப்பையில மட்டும் வைக்காதீரும். ஜோர் பாக்குல காலை நேரம் கூட்டமா இருக்கும், பக்கத்துல நிக்கிற சர்தார்ஜி ‘டிபனா ஜி’ன்னு கேட்டா, விளக்கம் சொல்ல ஆரம்பிச்சிராதீரும். சிரிச்சுட்டே அடுத்த பெட்டிக்குப் போயிரும்.