கட்டைவிரல் ரவுடிகளுக்கு மாமூல்

பேராண்டி, உன் பொறுமைய மெச்சுறேன்டா. நீ வாங்கி வெச்சிருக்கிற பொம்மை ரவுடி ஒவ்வொருத்தனும் என் கட்டைவிரல்ல பாதி உசரம்தான். ஆனாலும் உன்னைய என்ன ஆட்டு ஆட்டுறானுக! பெட்டிக்குக் காசு, வெட்டி எடுக்கக் கொறடுக்குக் காசு, பசைக்குக் காசு, பெயிண்ட்டுக்குக் காசு, பெயிண்ட் டப்பாவ அடுக்கி வெக்க ஸ்டாண்டுக்குக் காசு. மாசாமாசம் தவறாம மாமூல் கட்டுற. கட்டி என்ன பிரயோசனம்? பத்துப் பேர்ல ஒருத்தனுக்குத்தான் சட்டை ஏறியிருக்கு. மிச்சம் ஒம்பது பேரும் சாம்பக் கலர்ல அம்மணமா நிக்கிறானுக. நெசமான ரவுடிக்கு மாமூல் கட்டியிருந்தா நாலு கடைக்குக் காவலாவது நின்னிருப்பான்.

நீ மட்டுமா கட்டுற? ஒலகம் பூரா உன்னைய மாதிரி ஆளுக கட்டுறாக. 1975-ல லண்டன்ல மூணு சேக்காளிக சேந்து ஆரம்பிச்ச சின்னத் தொழில்தான் உனக்குப் பொம்மை விக்கிற கேம்ஸ் ஒர்க்‌ஷாப். 1995-ல இந்த நெக்ரோமுண்டாங்கிற ரவுடிச் சண்டை ஆட்டத்த எறக்கிவிட்டாக. நடுவுல கொஞ்ச காலம் ஆட்டம் தூங்குச்சு. 2017-ல புதுப் பெட்டியோட முழிச்சுக்கிட்டு வந்துச்சு. இப்ப நீ குடியிருக்கிற இதே நாட்டிங்காம்லதான் அவுக தலைமை ஆபீசு. 2024 டிசம்பர்ல லண்டன் பங்குச் சந்தையோட பெரிய 100 கம்பெனி வரிசைக்குள்ள ஏறிட்டாக. பொம்மை வித்தவக அம்புட்டு தூரம் போயிட்டாக. வாங்குன நீ இன்னும் மொத ரவுடியோட எடது கண்ணத் தாண்டல.

கெழவனுக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்னு முழிக்காத. நீ சேக்காளியோட போன்ல மணிக்கணக்காப் பேசுறப்ப, காது கேக்காதவன் கணக்கா நான் சோபாவுலயே உக்காந்திருக்கேனே, எதுக்குன்னு நெனச்ச?

அந்தக் கண்ணு வெவகாரத்தையே எடுத்துக்குவோம். 28 மில்லிமீட்டர் ஆளுக்குத் தலையே நாலஞ்சு மில்லிமீட்டர். கண்ணு ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. நீ பூதக்கண்ணாடிய மாட்டிக்கிட்டு, மூச்சப் புடிச்சுக்கிட்டு, மொதல்ல வெள்ளையா ஒரு கீத்து வெக்கிற. நடுவுல கருப்பா ஒரு புள்ளி. எடது கண்ணு ஏதோ அமஞ்சிருச்சு. வலது கண்ணு எதிரியப் பாக்காம மூக்கப் பாக்குது. அழிச்சுட்டு மறுபடி வெக்கிற. இப்ப ரெண்டு கண்ணும் விரிஞ்சு போச்சு. கையில ஷாட்கன், மூஞ்சியில வாத்தியார் கேள்வி கேட்ட பையனோட முழி. இவன் எந்தத் தெருவப் புடிக்கப் போறான்?

பிரஷ் மட்டும் ராச பரம்பரை. வின்சர் அண்ட் நியூட்டன் கம்பெனியோட சீரிஸ் 7. 1866-ல விக்டோரியா ராணிக்காகச் செஞ்ச பிரஷ்ஷோட வம்சம் அது. சைபீரியாப் பக்கம் திரியிற கீரிச் சாடையில ஒரு பிராணி, அதோட வால்முடி. ராணியம்மா படம் போட்ட வம்சத்துப் பிரஷ்ல நீ ரவுடிக்கு மீசை வெக்கிற. வை, நல்லாத்தான் இருக்கு. ஆனா அதுலயும் மூணு சைபர் போட்ட எளச்சத எதுக்குடா வாங்குன? அதோட நுனியில நிக்கிறது பொட்டுப் பெயிண்ட். நீ குறி பாத்துக் கொண்டு போறதுக்குள்ள காஞ்சு கெட்டியாயிரும். ஒண்ணாம் நம்பர் எடு. வயிறு நெறையப் பெயிண்ட் புடிக்கும், நுனியும் ஊசியா நிக்கும். அடியில இருக்கிற பூண் வரைக்கும் பெயிண்ட்ல முக்கிறாத. அங்க காஞ்சு ஒறஞ்சா முடி விரிஞ்சுரும், அப்புறம் அது ரவுடிக்கும் ஆகாது, ராணிக்கும் ஆகாது.

உன் கஷ்டம் என்னன்னு எனக்குத் தெரியும். அந்தப் பொம்மைக் கம்பெனிக்காரக 'கோல்டன் டீமன்'னு 1987-லேர்ந்து வர்ணப் போட்டி நடத்துறாகளே, அங்க ஜெயிச்ச பொம்மைகளோட படத்தப் பாத்துப் பாத்து உனக்குக் கை நடுங்குது. அங்க எல்லாரையும் மிஞ்சுனவனுக்கு ஒரு நெசமான வாளையே தூக்கிப் பரிசாக் குடுப்பாக. நடுவர் பொம்மைய மூக்குக்கிட்ட வெச்சுப் பாப்பாரு. அந்த வாள் வேணும்ங்கிறவன் கண்ணுக்குள்ள வெளிச்சப் புள்ளி வெக்கட்டும், நெத்தியில நரம்பு ஓட விடட்டும். உனக்கு வாள் வேணுமா, சனிக்கெழம சண்டைக்கு ஆள் வேணுமா? சண்டை மேசையில எதிராளி மூணடி தள்ளி நிக்கிறான். அங்கேருந்து பாத்தாத் தெரியிறது மூணே சங்கதி: தலை எது, ஒடம்பு எது, கையில என்ன ஆயுதம். மூஞ்சிய வெளிச்சமா வை. துணிய இருட்டா வை. எந்தக் குடும்பத்து ஆளுன்னு காட்ட ஒரே ஒரு கலரத் தூக்கலா வை. புருவத்துக்கடியில இருட்டா ஒரு கோடு விட்டாப் போதும், மூணடியில அதுவே கண்ணு.

அடுத்த பெருமை உன் சுத்தம். உன் ஆளுக சேந்த ஆர்லாக் குடும்பம்னா இரும்போட கெடந்து பொழைக்கிற வம்சம்னு நீதான சொன்ன? அந்த வம்சத்து ஆளுக்கு ஜாக்கெட்டு மெருகு, பூட்ஸுக்குப் பாலீஷ், பெல்ட்டுக்கு மினுமினுப்பு. ஆட்டத்துல அவன் இருக்குற எடம் எது? ஹைவ் பிரைமஸ்னு மேகத்துக்குள்ள தலைய நீட்டுற நகரம். உச்சியில சீமாங்க, அடிப் பாதாளத்துல இவனுக. மேல இருக்கிறவன் கழிச்சுக் கட்டுறதெல்லாம் கீழ இவன் தலையிலதான் வடியும். அங்க ஒருத்தன் பூட்ஸ் மினுங்குனா அவன் ரவுடியில்ல, சோதனைக்கு வந்த ஆபீசரு.

அழுக்காக்குறதுலயும் ஒரு நறுவிசு வேணும். வாஷ்ஷுன்னு ஒரு தண்ணி மசி வெச்சிருக்கியே, அதத் துணி மேல விட்டா மடிப்புக்குள்ள தானா ஓடி நெழல் கட்டிரும். நல்லாக் காய விடு. அரைகுறையாக் காஞ்சப்பத் தொட்டா வட்டக் கறையா நிக்கும். பொறவு, வீணாப்போன பிரஷ்ல வெளுத்த கலரத் தொட்டு, முக்காவாசியத் துணியில தொடச்சுட்டு, மேலாக்க வருடு. மேடான எடமெல்லாம் வெளிச்சம் புடிச்சுக்கும். ஸ்பாஞ்சு ஒரு துணுக்குப் பிச்சு, அரக்குக் கலர்ல ஒத்தி, துப்பாக்கி விளிம்புல லேசாத் தட்டு. அது துரு. துருவுக்கு நடுவுல வெள்ளிக் கலர் ஒரு கீத்து வெச்சா பெயிண்ட் உரிஞ்ச இரும்பு. பூட்ஸுல சேறு, முட்டியில எண்ணெய், கை படுற பிடியில தேய்மானம், இப்பிடி எடம் பாத்து வை. கண்ட எடத்துல அப்புனா, தெருச்சண்டைக்காரன் சாக்கடையில விழுந்த குடிகாரனாயிருவான்.

கண்ணு வெக்க அம்புட்டுப் பயம்னா மொதல்லயே குடும்பம் பாத்துச் சம்பந்தம் பண்ணியிருக்கணும். கௌடார் குடும்பத்து ஆளுகளுக்கு முகமூடி உண்டு, கண்ணுக்குப் பொறுப்பு நீ இல்ல. டெலாக் ஆளுக மொட்டைத் தலை, நீளக் கோட்டு. முடி வேலை மிச்சம். கோலியாத்துக்குத் துணி கம்மி, சதை சாஸ்தி. தோல் கலர் கூடி வந்தாப் பாதிக் கெணறு தாண்டுன மாதிரி. எஷர் பொம்பளைப் படை பக்கம் மட்டும் போயிறாத. சீறிக்கிட்டு நிக்கிற அந்த முடிக்குக் கலர் முடிவு பண்றதுக்குள்ள உனக்குக் கல்யாண வயசு தாண்டிரும்.

வேலை ஓடணும்னா பத்துப் பேரையும் வரிசையா நிறுத்து. அடிப்பூச்சு ஸ்ப்ரேய ஈரக் காத்துல அடிச்சா சொரசொரன்னு பூத்துப் போகும். இந்த ஊர்ல வெயில் எட்டிப் பாக்குறன்னைக்கு லீவு போட்டாவது அடிச்சு முடி. பெயிண்ட்டக் கெட்டியா ஒரே அப்பு அப்பாத. தண்ணி விட்டுப் பால் பதத்துல ரெண்டு தரம் பூசு. பத்துப் பேருக்கும் தோலு, பத்துப் பேருக்கும் காலுசட்டை, பத்துப் பேருக்கும் இரும்புன்னு ஒரே மூச்சுல போ. பத்தாவது ஆளுக்கு வர்றப்ப மொத ஆளு காஞ்சு நிப்பான். தலைவனுக்கு மட்டும் கூடக் கொஞ்சம் செல்லம் குடுத்துக்க. மத்தவன் எல்லாம் அடி வாங்கப் பொறந்தவன்.

அடி வாங்குறதுக்குத்தானடா இம்புட்டும்! எச்.ஜி. வெல்ஸ்னு அம்மாம் பெரிய எழுத்தாளர், 1913-லயே 'லிட்டில் வார்ஸ்'னு பொம்மைச் சண்டைக்கு விதிப்புத்தகமே போட்டாரு. தரையில பொம்மைச் சிப்பாய்கள நிறுத்தி, குட்டிப் பீரங்கியால சுட்டுச் சாச்சாரு. உன் ஆளுக வாங்குன அன்னைக்கு நின்ன எடத்துலயே நிக்கிறானுக. ஆட்டக் காசுல ஆயிரம் கிரெடிட்டுக்குக் கணக்குப் போட்டு மேசையில எறக்கு. சண்டையில சாஞ்சவனுக்கெல்லாம் ரெண்டு பகடைய உருட்டிப் பலன் பாப்பாகளாமே. ஒருத்தன் மயக்கம் தெளிஞ்சு எந்திரிப்பான், ஒருத்தன் நொண்டுவான், ஒருத்தன் ஒரேயடியாப் போய்ச் சேந்துருவான். அந்தப் பட்டியல்ல கண்ணு போறதும் ஒண்ணு. நீ ராத்திரி முழிச்சு வெச்ச அதே கண்ணத்தான் பகடை கேக்கும், எழுதி வெச்சுக்க.

அதனால ராசா, கண்ணு வெக்காமக் கூட்டிட்டுப் போ. எவனுக்குக் கண்ணு போகுதோ அவனுக்குக் கருப்பா ஒரு பட்டை இழு, ஒரே இழுப்புல சோலி முடிஞ்சுது. மிச்ச ஆளுகளுக்கு என்ன பண்றதுன்னு கேக்குறியா? நீ ஆடுற லட்சணத்துக்கு, வர்ற தீவாளிக்குள்ள பத்துப் பேருக்கும் பட்டை கட்டிரலாம்.